மாதவியின் வட்டம்

பில்டர் தாள் வெள்ளையாக இருந்தது. அதைப் பிடித்திருந்த மாதவிதான் அழுக்காக இருந்தாள்.

கிள்ளான் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லோரி ஒன்று அப்போதுதான் லோரோங் சந்தின் முனையில் திரும்பியது. அது கிளப்பிய செம்மண் புழுதி வரிசை வீடுகளின் கூரைகளைத் தடவிக்கொண்டு வந்தது. திருச்செல்வம் வீட்டுக் கார் போர்ச்சின் மொட்டைக் கூரையில் நின்றிருந்த மாதவியை ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு அடுத்த வீட்டுத் துணிக்கொடியை விசாரிக்கப் போனது. மாதவி இருமினாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். தாளை மறுபடி பார்த்தாள். ஒரு நாள் முழுக்க இந்தத் தெருக் காற்றைக் குடித்த தாள். வெள்ளை.

"எப்படிமா வந்திருக்கு?" கீழேயிருந்து திருச்செல்வத்தின் மனைவி இராஜம்மா அண்ணாந்து கேட்டாள். பரீட்சை முடிவு வந்த நாளில் பள்ளிக்கூட வாசலில் நிற்கும் தாயின் குரல் அது.

"சுத்தமா இருக்கு ஆன்டி." இது துக்கம் விசாரிக்கும் குரல்.

"அப்ப சரி. இறங்கி வாம்மா, தேத்தண்ணி ஆறிடும்."

இராஜம்மாவின் முகம் ஏன் இப்படி மலர்கிறது என்று மாதவிக்குப் புரியவில்லை. பாவம், விஷயம் தெரியாத மனுஷி என்று நினைத்துக்கொண்டு ஏணியில் இறங்கினாள்.

விஷயம் இதுதான். தாமானின், அதாவது இந்தக் குடியிருப்பின், முனையில் வாசு என்பவரின் லோரி யார்டு இருக்கிறது. தார் போடாத செம்மண் தரை. அங்கிருந்து புறப்படும் லோரிகள் பெரிய சாலையைச் சுற்றிப் போகச் சோம்பல்பட்டு, வீடுகளுக்கு நடுவே புகுந்து போகும். தாமான் சங்கத்தின் செயலாளர் திருச்செல்வம் நகராண்மை மன்றத்துக்கு மனு மேல் மனு போட்டார். வாசுவோ தலைநகரில் பணக்காரர்கள் வாழும் பங்சாரில் குடியிருப்பவர். யார்டுப் பக்கம் எப்போதாவதுதான் வருவார். அவர் பதில் ஒன்றே ஒன்று. இது கிள்ளான் காற்று, துறைமுகத்துத் தூசி, எங்கள் லோரி ஓடாவிட்டாலும் இப்படித்தான் இருக்கும் என்றார். யார்டின் லைசன்ஸ் புதுப்பிக்கும் வேளை வந்தது. வாயால் சொன்னது போதும், அளந்து கொண்டு வாருங்கள் என்றது மன்றம்.

அளக்க வந்தவள்தான் மாதவி. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனத்தில் வேலை. மைவி கார். ரவாங்கில் அம்மா அப்பாவுடன் இருக்கிறாள். கல்யாணப் பேச்சை எடுத்தால் ஆடிட் முடியட்டும் என்பாள். ஆடிட் முடிவதே இல்லை. இதெல்லாம் லோரோங்குக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்க வேண்டாம். இராஜம்மா கேட்டாள், அவள் சொன்னாள், அன்று சாயங்காலமே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அவள் கொண்டுவந்த மெசினைப் பற்றியும் சொல்ல வேண்டும். அலுமினியத்தில் ஒரு பெட்டி, மேலே காளான் குடை மாதிரி ஒரு தலை. ஓடினால் வேக்கும் கிளீனரும் அதன் அண்ணனும் சேர்ந்து சண்டை போடுகிற சத்தம். அது காற்றை உறிஞ்சித் தாள் வழியாக விடும். தாளில் தங்கிய தூசியை நிறுத்து, உறிஞ்சிய காற்றின் அளவால் வகுத்தால் விடை. ஆகவே காற்று ஒரே அளவாகப் போக வேண்டும். அதோடு இன்னொரு சிக்கல். அந்தக் காளான் தலைக்குள் காற்று சட்டென்று வளைந்து திரும்பும். வேகமாகத் திரும்பும் பஸ்ஸில் கனத்த ஆசாமி ஓரத்தில் போய் மோதுகிற மாதிரி, பெரிய மண் துகள் வளைய முடியாமல் மோதி அங்கேயே தங்கிவிடும். நெஞ்சுக்குள் இறங்கும் பொடித் தூசி மட்டும் வளைந்து தாளுக்குப் போகும். ஓட்டம் குறைந்தால் பெரியதும் உள்ளே நுழையும். கூடினால் பொடியும் மோதி நின்றுவிடும். தூசி சேரச் சேரத் தாள் அடைத்துக்கொள்ளும் வேறே. அப்போது உள்ளே இருக்கும் ஒரு கட்டுப்பாட்டுக் கருவி மோட்டாரை விரட்டி, ஓட்டத்தைப் பழைய அளவுக்கே கொண்டுவர வேண்டும்.

இத்தனைக்கும் சாட்சி ஒரு பேனா. வட்டமான தாள் ஒன்று நாளைக்கு ஒரு சுற்றுச் சுற்றும், பேனா அதன்மேல் கோடு போடும். ஓட்டம் மாறாவிட்டால் வட்டம் வரும். மாறினால் கோணல். அந்த ஆபீசில் மற்றவர்கள் கொண்டுவரும் வட்டங்கள் முதல் தடவை தோசை ஊற்றியவன் தோசை மாதிரி இருக்கும். மாதவி கொண்டுவருவது காம்பஸ் வைத்துப் போட்டது. ஒவ்வொரு திருகையும் தானே முடுக்குவாள், ஒவ்வொரு குழாயையும் காதில் வைத்துக் கேட்பாள். பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சம் கிறுக்கு என்றுகூடத் தோன்றும். ஆனால் அந்த வட்டத்தைப் பார்த்தால் வாயை மூடிக்கொள்வார்கள்.

இப்போதும் வட்டம் அப்பழுக்கில்லாமல்தான் வந்திருந்தது. அதுதான் அவளைக் குடைந்தது.

ஏனென்றால், மெசினைக் கொண்டுவந்து வைத்த அன்று ஒரு வெள்ளோட்டம் விட்டாள். இராஜம்மா பிரிக்பீல்ட்ஸில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். திருச்செல்வம்தான் ஏணி எடுத்துக் கொடுத்தார். அந்தத் தாள் கோப்பி வடிகட்டின துணி மாதிரி கறுத்து வந்தது. வட்டமும் சரி. அதற்குப் பிறகு, இராஜம்மாவிடம் நாள் சொல்லிவிட்டு எடுத்தது, மன்றத்துக்குக் காட்ட வேண்டிய முதல் மாதிரி. அது இப்படி வெளுத்து வந்திருக்கிறது.

தேத்தண்ணிக் கோப்பையை வாங்கும்போது, தட்டில் இராஜம்மாவின் ஆஸ்துமா பம்ப் கிடப்பதை மாதவி கவனித்தாள். இராஜம்மா அதை முந்தானையால் மறைத்துக்கொண்டாள்.

"ஆன்டி, ராத்திரி ரொம்ப இழுக்குதா?"

"லோரி ஓடினா இழுக்கும். அதை விடுமா. மெசினுக்கு என்ன வேணும், அதைச் சொல்லு."

மெசினுக்கு என்ன வேண்டும் என்று மாதவிக்கே தெரியவில்லை. பில்டர் தாளைச் சுற்றியிருக்கும் ரப்பர் பட்டையில் கசிவு இருந்தால், காற்று தாளைத் தொடாமல் பக்கவாட்டில் நழுவிப் போகும். தாள் வெள்ளையாகவே இருக்கும். அதுவாகத்தான் இருக்க வேண்டும். புதுப் பட்டை வாங்கிப் போட்டாள். காற்று நுழையும் வாயை அடைத்துக் கசிவு பார்த்தாள். எங்கும் ஒரு சீறல்கூட இல்லை. இராஜம்மாவிடம் மட்டும் சொல்லிவைத்தாள்: புதன்கிழமை நாள் முழுக்க மெசின் ஓடும், யாரும் பிளக்கில் கை வைக்கக் கூடாது.

"புதன்தானே? நான் பாத்துக்குறேன்மா."

செவ்வாய் மாலை தாளைப் பொருத்திவிட்டுப் போனாள். நள்ளிரவில் மெசின் தானே ஓடத் தொடங்கும், அடுத்த நள்ளிரவில் தானே நிற்கும். நடுவில் இருந்த பகலில் அவளுக்கு ஆபீசில் தலைக்கு மேல் வேலை. வியாழன் காலை வந்து, எதிரே வந்த இரண்டு லோரிகளின் புழுதியைத் தின்றபடி கூரையில் ஏறினாள்.

தாள் முந்தியதைவிட வெள்ளை.

இராஜம்மா கீழே காத்திருந்தாள். இந்தத் தடவை பக்கத்து வீட்டுக்காரிகளும் கூட நின்றார்கள். சுத்தமா இருக்கு என்று மாதவி முனகியதும், ஒருத்தி இன்னொருத்தியை முழங்கையால் இடித்துச் சிரித்தாள். தட்டில் தேத்தண்ணியோடு கறிபாப் பலகாரமும் சேர்ந்திருந்தது.

பட்டை இல்லை என்றால் பேனா. பேனா எங்காவது சிக்கிக்கொண்டு, காற்று எப்படிப் போனாலும் வட்டமே போட்டுக்கொண்டிருக்கலாம். மாதவி வாயைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிப் பார்த்தாள். பேனா பயந்த பிள்ளை மாதிரி உடனே கீழே இறங்கியது. திறந்தாள். உடனே ஏறியது. பேனாவும் குற்றவாளி இல்லை.

சரி, மறுபடி அளவுத்திருத்தமே செய்துவிடலாம் என்று முடிவு கட்டினாள். மெசினின் தலையைக் கழற்றி, துளையிட்ட தட்டு ஒன்றைப் பொருத்தி, அதனோடு தண்ணீர் நிரப்பிய வளைந்த கண்ணாடிக் குழாயை இணைக்க வேண்டும். மோட்டார் உறிஞ்சும்போது குழாயின் ஒரு கையில் தண்ணீர் ஏறும், மறு கையில் இறங்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் ஓட்டத்தின் உண்மையான அளவு. கூரை வெயிலில் நிறமில்லாத தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது. சாயத் துளி விடுவார்கள். சாயக் குப்பி ஆபீசிலேயே தங்கிவிட்டது.

"சிவப்பாத்தானே வேணும்?" என்று இராஜம்மா உள்ளே போய் ரோஸ் சிரப் பாட்டிலோடு வந்தாள்.

மாதவி தயங்கினாள். ஒரு துளிதானே என்று விட்டாள். குழாயில் தண்ணீர் அழகாகச் சிவந்தது. அளவுகளை எடுத்துக்கொண்டிருக்கும்போதே, கூரை விளிம்பில் ஓர் எறும்பு தலையை நீட்டியது. பின்னால் அதன் சுற்றமும் நட்பும். அவள் குனிந்து எழுதி நிமிர்வதற்குள் வரிசை குழாயின் வாய்க்குள் இறங்கிவிட்டது. எறும்புகள் மிதக்கிற தண்ணீரில் அளவு பார்க்கச் சொல்லி எந்த விதிமுறையிலும் இல்லை.

வேறொருத்தியாக இருந்தால் எறும்பை ஊதிவிட்டு எழுதியதை எழுதியபடி வைத்திருப்பாள். மாதவி எல்லாவற்றையும் கிழித்துப் போட்டாள். குழாயைக் கழுவி, வெறும் தண்ணீர் ஊற்றி, பின்னால் ஒரு கறுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய முதலிலிருந்து செய்தாள். வெப்பமும் காற்றழுத்தமும் குறித்துக்கொண்டாள். கீழே நின்ற பெண்கள் அந்தப் பெண்ணின் பொறுமையைப் பார்த்துக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்கள்.

ஓட்டம் இம்மி பிசகவில்லை.

அடுத்த ஓட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே அறிவித்தாள். தாமான் அறிவிப்புப் பலகையில் தேதி போட்டு ஒட்டினாள். அன்றைக்கு எல்லோரும் ஒத்துழைக்க வேண்டும் என்றும் எழுதினாள். அவள் சொன்னது மின்சாரத்தைத்தான்.

தாள் அதைவிட வெள்ளையாக வந்தது. வடையும் வந்தது.

திருச்செல்வத்துக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. அவர் இருட்டில் கொமியூட்டர் ரயில் பிடித்துக் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போய், இருட்டியபின் திரும்புகிறவர். ஞாயிற்றுக்கிழமை மாதவிக்குப் போன் போட்டுப் புலம்பினார். அவர் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டி மேல் தினம் துடைக்கத் துடைக்கத் தூசி. மெசினுக்கு மட்டும் அது எப்படிக் கண்ணில் படவில்லை என்று கேட்டார்.

அடுத்த சந்தேகம் மின்சாரம். வோல்டேஜ் ஏறி இறங்கினால் கட்டுப்பாட்டுக் கருவி தடுமாறும். இந்தத் தடவை மாதவியின் மேலாளர் கமலநாதனே புறப்பட்டு வந்தார். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, காரின் பின்சீட்டில் ஒரு கனமான ஸ்டெபிலைசர். அதை மாட்டி சுவிட்சைத் தட்டியதும், மெசின் ஓடவில்லை. இராஜம்மா வீட்டு மெயின் சுவிட்ச் விழுந்தது. பிரிட்ஜ், காற்றாடி, இரண்டு மணி நாடகம், எல்லாம் ஒரே நேரத்தில் மூச்சை விட்டன. கமலநாதன் மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள், இராஜம்மா பக்கத்து வீட்டிலிருந்து வயரை இழுத்துக் கொண்டுவரச் செய்துவிட்டாள். பெரிய அதிகாரியே நேரில் வந்திருக்கிறார், ஒரு குறையும் இருக்கக் கூடாது என்று தெருவில் இறங்கிச் சொல்லிக்கொண்டு போனாள்.

பக்கத்து வீட்டு மின்சாரம் பளிங்கு மாதிரி ஓடியது. அப்போதும் தாள் வெள்ளை.

கடைசி ஆயுதமாக மாதவி இன்னொரு மெசினைக் கொண்டுவந்து பக்கத்திலேயே வைத்தாள். இரண்டும் ஒரே நாளில் ஓடின. இரண்டு வட்டங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரே கோடாகத் தெரிந்தது. இரண்டு தாள்களின் எடையிலும் வித்தியாசம் சொல்லும்படி இல்லை. வேலை தெரிந்த ஒருத்தி வாழ்நாளில் ஓரிரு முறைதான் பார்க்கக்கூடிய காரியம் அது. வேறு நாளாக இருந்தால் சட்டம் போட்டு மாட்டியிருப்பாள். இப்போது அதைப் பார்க்க அழுகை வந்தது.

மன்றத்தின் லைசன்ஸ் விசாரணைக்கு முந்தைய நாள் கமலநாதன் அவளை அறைக்குக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை. அந்தத் தாமான் ஜனங்கள்மேல் அவருக்கும் இரக்கம் வந்திருந்தது.

"மாதவி, ஒரே ஒரு வரி எழுது. காற்றோட்ட அளவு சந்தேகத்துக்குரியதுன்னு. எல்லா மாதிரியும் செல்லாமப் போயிடும். மன்றம் தேதியைத் தள்ளி வைக்கும். வேற இடத்துல மெசினை வச்சுப் பாக்கலாம்."

"ஓட்டம் சரியா இருக்கு சார்."

"சரியா இருந்தா அவங்க தோத்துடுவாங்க லா."

"தெரியும் சார்."

"அந்த ஆன்டி உனக்கு வடை சுட்டுப் போட்டாங்க."

முந்தானைக்குள் மறைந்த பம்ப் மாதவியின் கண்ணில் நின்றது. பிறகு, "அவங்களுக்காக ஓட்டம் தப்புன்னு எழுதினா, நாளைக்கு எவனாவது லோரி முதலாளிக்காகவும் எழுதச் சொல்லுவான் சார். கறுப்புத் தாளும் சரி, வெள்ளைத் தாளும் சரி. ரெண்டையும் வைக்கிறேன். ஏன்னு எனக்குத் தெரியலைன்னும் எழுதுறேன்" என்றாள்.

கமலநாதன் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். இந்தப் பெண்ணை வேலைக்கு எடுத்தது தான்தானா என்று அவருக்கே பெருமையாகவும் எரிச்சலாகவும் இருந்தது.

மன்றத்தின் கூட்ட அறையில் ஏர்கோன் பல்லைக் கிட்ட வைத்தது. ஒரு பக்கம் வாசு, வாசனைத் திரவியம் மணக்க. அவருக்குப் பின்னால் யார்டு மேற்பார்வையாளன் ஜீவன். லோரிகள் எந்த நேரத்தில் எந்த வழியாகப் போகும் என்பதை ஏற்பாடு செய்கிறவன் அவன். மறு பக்கம் திருச்செல்வம், ஒரே வாரத்தில் பத்து வயது கூடினவர் போல. அவர் பக்கத்தில் இராஜம்மா, தீபாவளிக்கு எடுத்த பட்டுச் சேலையில், கல்யாணப் பெண்ணின் தாய் மாதிரி. கூட்டம் மலாயில்தான் நடந்தது. பிறகு லோரோங்கில் அதைத் தமிழில் சொல்லிச் சொல்லி எல்லோருக்கும் மனப்பாடம்.

மாதவி எழுந்து தாள்களை மேசைமேல் பரப்பினாள். அறிவிப்புக் கொடுத்து எடுத்த மாதிரிகளில் காற்று சுத்தம் என்றாள். திருச்செல்வம் தலையைக் குனிந்துகொண்டார். இராஜம்மா மெதுவாகக் கை தட்டப் போனாள். அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்புறம் இந்தக் கறுப்புத் தாள்?" என்று விசாரணையை நடத்திய மன்ற அதிகாரி கேட்டார்.

வாசு முந்திக்கொண்டார். அது வெள்ளோட்டம், மெசின் சூடேறுவதற்கு முன் எடுத்தது, அதைக் குப்பையில் போடலாம் என்றார். மாதவி மேடம் எவ்வளவு நேர்மையானவர் என்று ஊருக்கே தெரியும், அவர் கொடுத்த வெள்ளைத் தாள்களே போதும் என்று பாராட்டவும் செய்தார்.

"இல்ல சார்," என்றாள் மாதவி. "கறுப்பும் அதே ஓட்டத்துல எடுத்ததுதான். வட்டத்தைப் பாருங்க. அதைத் தப்புன்னா எல்லாம் தப்பு. இது சரின்னா அதுவும் சரி."

அதிகாரி வட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்தார். ஒன்றன்மேல் ஒன்று வைத்தார். சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். எவ்வளவு நேரம் பார்த்தும் அவருக்கு ஒரே ஒரு கோடுதான் தெரிந்தது. மாதவியை ஏறிட்டுப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது.

"மெசின் அதே மெசின். ஓட்டம் அதே ஓட்டம். தெருவும் அதே தெரு. ஒரு நாள் மட்டும் கறுப்பு, மத்த நாளெல்லாம் வெள்ளை," என்றார் அவர். "அப்படின்னா அந்தத் தெருவுல எதுவோ மாறியிருக்கு. என்ன அது?"

"ஒண்ணும் மாறலை," என்றார் வாசு. "எங்க லோரி ஒரு நாள்கூட நிக்கலை. தினம் அதே வழியில முழு ஓட்டம். ஓடியும் காத்து சுத்தமா இருக்கு, அதைத்தான் நான் ஆரம்பத்துலேர்ந்து சொல்றேன். ஜீவன், எழுந்து சொல்லு."

ஜீவன் எழுந்தான். முதலாளியைப் பார்த்தான். எதிரே இராஜம்மாவைப் பார்த்தான். அவள், தைரியமாகச் சொல்லுப்பா என்பது போல அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

"இல்ல பாஸ், மெசின் ஓடுற நாள்ல மட்டும் நான் எல்லா லோரியையும் பெரிய ரோட்டுல சுத்திப் போகச் சொல்லிட்டேன், வெளியூர்ப் பொண்ணு நம்ம தெருவை அளக்க வருது, அன்னிக்கும் தூசியாக் கிடந்தா தாமானுக்கே வெக்கம்னு, இராஜம்மா அக்கா ஒவ்வொரு தடவையும் யார்டுக்கு நடந்து வந்து கேட்டுக்கிட்டாங்க."